சர்வரில் என்னென்ன டேட்டாபேஸ் இருக்கு? பட்டியல் எடுக்க எந்த வழி?

மூன்று வருடங்களுக்கு முன் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இரவு கடை அடைத்த பிறகு தொடங்கி, விடியற்காலை ரொட்டி சானாய் போடும் நேரத்துக்கு முடித்தாகிவிட்டது. டேட்டாபேஸ்களை வைத்து நடத்தும் மென்பொருளான மைஎஸ்கியூஎலுக்குள் போய், பட்டியல் கேட்கும் 'ஷோ டேட்டாபேசஸ்' கட்டளையை அடித்தேன். நான்கு பெயர் வந்தது. அதில் ஒன்று மைஎஸ்கியூஎல் தனக்காக வைத்திருப்பது. மீதி மூன்றையும் பிரதி எடுத்து, புதியதில் ஏற்றி, வெப்சைட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, கடன் புத்தகம் திறக்கவே மாட்டேங்குது. டேட்டாபேஸே இல்லன்னு சொல்லுது."

தப்பு என்னுடையதுதான். நான் உள்ளே போனது வெப்சைட்டுக்காக உருவாக்கிய பயனர் கணக்கில். அந்தக் கணக்குக்குக் கடன் புத்தகத்தின் மேல் எந்த உரிமையும் கிடையாது. அதனால் மைஎஸ்கியூஎல் அதைக் காட்டவில்லை. 'உனக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பேன். அப்படி ஒன்றும் சொல்லாமல் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. நல்ல வேளையாகப் பழைய சர்வரை யாரும் அழிக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே, மேலே ஒரு சாக்குப் பையோடு, அப்படியே கிடந்தது.

இந்த வருடம் அதே மாதிரி இன்னொரு வேலை வந்தது. பாசார் தெருப் பக்கம் ஒரு கடைவீடு, மேல் மாடியில் அலுவலகம், கடல் தாண்டி பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கு. எல்லாவற்றையும் வாடகை கிளவுடுக்கு மாற்ற வேண்டும். இந்த முறை பட்டியல் எடுக்கும் வழிகளையே முதலில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மைஎஸ்கியூஎலில் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது 'ஷோ டேட்டாபேசஸ்'தான். 'ஷோ ஸ்கீமாஸ்' என்று அடித்தாலும் அதே பட்டியல் வரும், ஏனென்றால் மைஎஸ்கியூஎலைப் பொறுத்தவரை ஸ்கீமாவும் டேட்டாபேஸும் ஒன்றுதான். பின்னால் 'லைக்' சேர்த்தால் பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடலாம். கண்ணால் ஒரு பார்வை பார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது. மனப்பாடம் செய்யவும் ஒன்றும் இல்லை.

ஆனால் அது காட்டுவது சர்வரில் உள்ள டேட்டாபேஸ்களை அல்ல. கேட்கும் கணக்குக்கு ஏதாவது ஓர் உரிமை உள்ள டேட்டாபேஸ்களை மட்டும்தான் காட்டும். எல்லாப் பெயரும் தெரிய வேண்டுமானால், அந்தக் கணக்குக்கு சர்வர் முழுவதற்குமான 'ஷோ டேட்டாபேசஸ்' உரிமை வேண்டும், அல்லது அதுபோல் வேறு ஒரு பொது உரிமை வேண்டும். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் போனால் இந்தக் கவலை இல்லை. ஆகவே பட்டியல் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுவிடுவது என் பழக்கமாகிவிட்டது. நான் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறேன்? அதற்கு 'கரண்ட் யூசர்' பதில் சொல்லும். இந்தக் கணக்குக்கு என்னென்ன உரிமை? அதற்கு 'ஷோ கிராண்ட்ஸ்'. இரண்டுமாகப் பத்து வினாடி ஆகும். அன்றைக்கு அந்தப் பத்து வினாடியைச் செலவழித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. சர்வரை 'ஸ்கிப் ஷோ டேட்டாபேஸ்' அமைப்போடு ஓட்டினால், அந்தத் தனி உரிமை இல்லாதவர்கள் இந்தக் கட்டளையையே அடிக்க முடியாது, பிழைதான் வரும். பல வாடிக்கையாளர்கள் ஒரே சர்வரைப் பகிரும் இடங்களில் இது இருக்கலாம். என்னைக் கேட்டால் இது எவ்வளவோ மேல். பாதிப் பட்டியலைக் காட்டி ஏமாற்றுவதைவிட முகத்துக்கு நேரே மறுத்துவிடுவது நல்லது.

அடுத்த வழி, மைஎஸ்கியூஎல் தன்னிடம் உள்ளவற்றைப் பற்றிய தகவலைக் காட்டும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வில் உள்ள 'ஸ்கீமாட்டா' அட்டவணையிலிருந்து செலெக்ட் செய்வது. உரிமை விஷயத்தில் இது ஒன்றும் வித்தியாசமில்லை, அதே வடிகட்டிதான். பின் எதற்கு இவ்வளவு நீளமாக அடிக்க வேண்டும்? ஒவ்வொரு டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடும் (எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் முறை), வரிசைப்படுத்தும் முறையும் பக்கத்திலேயே வந்து நிற்கும். தமிழில் பெயரும் முகவரியும் வைத்திருக்கும் கடைகளுக்கு இதுதான் உயிர்நாடி.

மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு வரும் வரை, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் புதிய டேட்டாபேஸ் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியீட்டில்தான் பிறக்கும். நாம் வழக்கமாக எழுதும் தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். லத்தீன்1இல் அதற்கு இடமே இல்லை. சில பழைய நிரல்கள் அந்த மூன்று பைட்டையும் மூன்று லத்தீன் எழுத்தாக நினைத்து உள்ளே திணித்து, எடுக்கும்போதும் அதே மாதிரி எடுத்து, பல வருடம் சரியாக ஓடுவதுபோல் நடிக்கும். புதிய சர்வருக்கு மாற்றும் அன்றுதான் 'முத்துசாமி' கேள்விக்குறி வரிசையாகவோ, ஐரோப்பிய எழுத்துக் குவியலாகவோ மாறி நிற்பார். 'ஸ்கீமாட்டா' பட்டியலில் லத்தீன்1 என்று பார்த்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆனால் அங்கே தெரிவது அந்த டேட்டாபேஸில் இனிமேல் உருவாகும் அட்டவணைகளுக்கான இயல்பு மட்டும்தான். ஏற்கெனவே உள்ள அட்டவணைகளும், அவற்றின் பத்திகளும் (நெடுவரிசைகளும்) வேறு குறியீட்டில் இருக்கலாம். அதைப் பார்க்க 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வின் 'காலம்ஸ்' அட்டவணைக்குப் போக வேண்டும்.

மைஎஸ்கியூஎலில் 'யூடிஎஃப்8' என்று போட்டிருந்தாலும் அது பழைய மூன்று பைட் வகை. தமிழுக்குப் போதும். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை அப்படியே ஒட்டினால், அதில் உள்ள சிரிப்பு முகம் நான்கு பைட், உள்ளே போகாது. அது மட்டுமில்லை, முந்திரி, காணி, மா என்று நம் தாத்தாக்கள் கணக்கு எழுதிய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல்தான் இடம் பிடித்தன. அவையும் நான்கு பைட்தான். இன்றைக்குக் கடைக் கணக்கில் முந்திரியை யார் எழுதப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். எப்படியும் மாற்றும் வேலையோடு வேலையாக நான்கு பைட் வகையான யூடிஎஃப்8எம்பி4க்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

சரி, பெயர் கிடைத்தது, குறியீடு கிடைத்தது. எவ்வளவு பெரியது? கிளவுடில் இடத்துக்குக் காசு கொடுக்கப் போகிறோம், முதலாளி கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதற்கு 'டேபிள்ஸ்' அட்டவணையில் தரவின் நீளத்தையும் இண்டெக்ஸின் நீளத்தையும் கூட்டி, டேட்டாபேஸ் வாரியாகத் தொகுக்கலாம். இணையத்தில் எல்லோரும் ஒட்டிவைத்திருக்கும் அந்த வினவலில் (கேள்விக் கட்டளையில்) இரண்டு ஓட்டைகள் உண்டு. அட்டவணையே இல்லாத காலி டேட்டாபேஸ் அதில் வராது. அது காலியாக இருந்தாலும் ஏதாவது ஒரு நிரல் அதைத் தேடக்கூடும். 'ஸ்கீமாட்டா'விலிருந்து தொடங்கி அட்டவணை இல்லாத பெயரையும் விடாமல் சேர்க்கும் 'லெஃப்ட் ஜாயின்' போட்டால் இது தீரும். இரண்டாவது, 8.0இல் இந்த எண்கள் நினைவில் வைத்துச் சொல்லப்படுபவை. மாற்றாவிட்டால் 86400 வினாடி, அதாவது ஒரு முழு நாள் பழையதாக இருக்கலாம். மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு அவை எப்படியும் மதிப்பீடுதான். முதலாளிக்குச் சொல்லும்போது கொஞ்சம் தாராளமாகவே சொல்லுங்கள்.

மூன்றாவது வழியை நான் ரொம்ப நாள் கேலி செய்திருக்கிறேன். மைஎஸ்கியூஎலுக்குள்ளேயே போகாமல், லினக்ஸில் தரவு ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது. பெரும்பாலும் அது 'வார்' என்பதற்குள் 'லிப்', அதற்குள் 'மைஎஸ்கியூஎல்'. ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு துணை ஃபோல்டர் இருக்கும். இதில் மைஎஸ்கியூஎல் கணக்கு, உரிமை என்ற பேச்சே இல்லை. லினக்ஸில் ரூட் அனுமதி இருந்தால் போதும், இருப்பதெல்லாம் தெரியும். மைஎஸ்கியூஎலின் ரூட் கடவுச்சொல்லை யாரோ மறந்துவிட்ட சர்வரில், முதல் தகவல் கிடைப்பது இங்கிருந்துதான்.

வினோதங்களும் இங்கேதான் அதிகம். டேட்டாபேஸ் பெயரில் சிறு கோடு இருந்தால், ஃபோல்டர் பெயரில் அந்தக் கோட்டின் இடத்தில் ஒரு அட் குறியும் '002டி' என்ற குறியீடும் இருக்கும். 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வுக்கு ஃபோல்டரே கிடையாது, அது நினைவகத்தில் கட்டப்படும் தோற்றம். 5.7 வரைக்கும் அந்த இடத்தில் எந்த ஃபோல்டர் இருந்தாலும் மைஎஸ்கியூஎல் அதை டேட்டாபேஸ் என்றே நம்பும். தரவுக்குத் தனி டிஸ்க் பிரிவு கொடுத்த சர்வர்களில், லினக்ஸ் தானே உருவாக்கும் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரும் ஒரு விசித்திரமான முன்னொட்டோடு 'ஷோ டேட்டாபேசஸ்' பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து, வைரஸ் புகுந்துவிட்டது என்று இரவில் போன் செய்தவர்கள் உண்டு. 2018இல் வந்த 8.0 இந்தக் கதையை முடித்தது. இப்போது பெயர்களின் பதிவேடு மைஎஸ்கியூஎலுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே ஒரு ஃபோல்டர் உருவாக்கினால் அது டேட்டாபேஸ் ஆகிவிடாது.

இந்த வழியின் பெரிய குறை, பெரிய கம்பெனிகள் நடத்திக் கொடுக்கும் கிளவுட் டேட்டாபேஸ்களில் இது அறவே முடியாது. அங்கே டிஸ்க் பக்கம் நம்மை விட மாட்டார்கள். ஆகவே இது பழைய வீட்டிலிருந்து கிளம்பும்போது பயன்படும் வழி. புதிய வீட்டில் பயன்படாது.

'மைஎஸ்கியூஎல்ஷோ' என்ற சிறு கருவி பட்டியலைக் கட்டளை வரியிலேயே கொடுத்துவிடும், ஸ்கிரிப்டுக்கு வசதி, ஆனால் உரிமை வடிகட்டி அதற்கும் உண்டு. உலாவியில் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகு, பழகியவர்கள் விட மாட்டார்கள். ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்ட டேட்டாபேஸ்களை மறைத்துவைக்க ஒரு வரி போதும். முன்பு இருந்த ஆள் அந்த வரியைப் போட்டிருந்தால், ரூட்டாக நுழைந்தாலும் இடது பக்கத்தில் அது தெரியாது. இடம் மாற்றும் வேலைக்கு இதன் பட்டியலை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்தக் கடையில் கிடங்கு இருப்பு மென்பொருளை வேறு ஒருவர் செய்து கொடுத்திருந்தார், அது ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ் மென்பொருளில். மைஎஸ்கியூஎல் பழக்கத்தில் அங்கே 'ஷோ டேட்டாபேசஸ்' அடித்தால், 'டேட்டாபேசஸ்' என்ற அமைப்பு மாறி எனக்குத் தெரியாது என்று ஒரு பிழை வரும். காரணம், போஸ்ட்கிரெஸில் 'ஷோ' என்பது சர்வர் அமைப்புகளின் மதிப்பைக் காட்டும் கட்டளை. பட்டியலுக்கு அதன் 'பிஎஸ்கியூஎல்' கருவியில் பின்சாய்கோடு போட்டு ஆங்கிலச் சின்ன 'எல்' அடிக்க வேண்டும். கூட ஒரு பிளஸ் சேர்த்தால் அளவும் வரும்.

நான் மதிப்பது அதன் நேர்மையை. போஸ்ட்கிரெஸில் டேட்டாபேஸ் பெயர்கள் 'பிஜி_டேட்டாபேஸ்' என்ற பொது அட்டவணையில் இருக்கின்றன, சர்வர் முழுவதற்கும் ஒரே பிரதி. எந்தச் சாதாரணக் கணக்கில் நுழைந்தாலும் எல்லாப் பெயரும் தெரியும். உள்ளே நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். அளவு பார்க்க உரிமை இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 'அனுமதி இல்லை' என்று எழுதியே காட்டும். மூன்று வருடத்துக்கு முன் நான் ஏங்கிய அதே வரி! ஒரே சர்வரைப் பல கடைகள் பகிர்ந்தால், பக்கத்துக் கடையின் பெயர் உங்களுக்குத் தெரிவது சங்கடம்தான். ஆனால் பட்டியல் எடுக்க வந்தவளுக்கு இது வரம்.

மைஎஸ்கியூஎலில் கற்ற இரண்டு வழிகள் இங்கே செல்லாது. போஸ்ட்கிரெஸிலும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வும் 'ஸ்கீமாட்டா'வும் உண்டு, ஆனால் அங்கே ஸ்கீமா என்பது ஒரு டேட்டாபேஸுக்குள் இருக்கும் பிரிவு. நீங்கள் இப்போது நுழைந்திருக்கும் டேட்டாபேஸின் பிரிவுகளை மட்டும்தான் அது சொல்லும். அதை டேட்டாபேஸ் பட்டியல் என்று எடுத்துக்கொண்டால் முழுத் தவறு. தரவு ஃபோல்டரைத் திறந்தாலும் வெறும் எண்கள்தான் இருக்கும், பெயர் இருக்காது. எந்த எண் எந்த டேட்டாபேஸ் என்று சொல்ல 'ஓஐடி2நேம்' என்று ஒரு தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே போஸ்ட்கிரெஸில் போட்டி அந்தப் பின்சாய்கோடு எல்லுக்கும் 'பிஜி_டேட்டாபேஸ்' வினவலுக்கும்தான். கண்ணுக்கு முன்னது, ஸ்கிரிப்டுக்குப் பின்னது. பலர் முன்னதன் வெளியீட்டைக் கோடு கோடாக வெட்டி ஸ்கிரிப்டில் பயன்படுத்துகிறார்கள். ஓடத்தான் செய்யும், ஆனால் உரிமைப் பத்தி சில டேட்டாபேஸுக்குப் பல வரியாக மடிந்து வரும்போது வெட்டு தப்பிவிடும். 'பிஎஸ்கியூஎல்'லைப் பெரிய 'ஈ' விருப்பத்தோடு திறந்தால், அந்தக் குறுக்குக் கட்டளை உள்ளுக்குள் என்ன வினவல் ஓட்டுகிறது என்பதை அப்படியே காட்டும். அதை நகலெடுத்து, தேவையில்லாததை நீக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. 'டெம்ப்ளேட்0', 'டெம்ப்ளேட்1' இரண்டும் புதிய டேட்டாபேஸ் வார்க்கும் அச்சுகள், அவற்றை வடிகட்டலாம். கிளவுடில் 'ஆர்டிஎஸ்அட்மின்', 'கிளவுட்எஸ்கியூஎல்அட்மின்' மாதிரிப் பெயர்களையும் காண்பீர்கள். அவை வாடகைக்குக் கொடுப்பவர்களுடையவை, தொட வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: 'சிஸ்.டேட்டாபேசஸ்'. ஆஃப்லைனில் போட்டிருப்பதையும் நிலையோடு சேர்த்துச் சொல்லும்.

இந்தக் கடைக்கு நான் எடுத்த முடிவு இது. மைஎஸ்கியூஎல் 5.7 என்பதால் ரூட்டாக நுழைந்து 'ஸ்கீமாட்டா'விலிருந்து ஒரு பட்டியல், தரவு ஃபோல்டரிலிருந்து இன்னொரு பட்டியல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இரண்டுக்கும் வித்தியாசம் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' ஒன்றாக மட்டும் இருந்தால் நிம்மதி. போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜி_டேட்டாபேஸ்' வினவல் ஒன்றே போதும். அதற்கும் முன்னால் ஒரு வேலை: அந்தக் கணினியில் எந்தெந்தப் போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்ணில்) எந்த மென்பொருள் காத்திருக்கிறது என்று பார்ப்பது. 3306இல் மைஎஸ்கியூஎல், 5432இல் போஸ்ட்கிரெஸ் என்பது வழக்கம். பார்த்தால் 3307இலும் ஒரு மைஎஸ்கியூஎல், மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பட்டியலும் தன் சர்வரைத் தாண்டிப் பேசாது. பக்கத்து அறையில் இன்னொன்று ஓடுவது அதற்குத் தெரியாது.

இவ்வளவு மெனக்கெட இன்னொரு காரணமும் இருந்தது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஐசி (அடையாள அட்டை) எண் எந்த டேட்டாபேஸில் கிடக்கிறது என்றே தெரியாத கடை எதை வைத்து என்னவென்று தெரிவிக்கும்? முதலாளி அங்கிளிடம் இதைச் சொன்னதும்தான் பட்டியலுக்கு ஒரு நாள் ஒதுக்க ஒப்புக்கொண்டார். அதுவரை, "பேரு பாக்க ஒரு நாளாம்மா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் சேர்த்து ஒரு தாளில் அச்செடுத்துக் கீழே கொண்டுபோனேன். கணக்குப் பிரிவுத் தம்பி தே தாரிக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். 'டெஸ்ட்2' என்ற பெயருக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் 'நீக்கலாம்' என்று எழுதியிருந்தேன். கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் அதற்குக் காலியாகத்தான் வந்தது. இன்னோடிபியில் அந்த நேரம் சர்வரை மறுதொடக்கம் செய்தால் போய்விடும், முந்தின நாள்தான் மின்சாரம் போய் வந்திருந்தது. அது தெரிந்தும் எழுதியிருந்தேன்.

தம்பி அந்த இடத்தில் விரலை வைத்தான். "அக்கா, இது டெஸ்ட் இல்லக்கா. பட்டர்வொர்த் டிரைவருங்க ஓவர்டைம் எல்லாம் இதுலதான் போடுறோம். முன்ன இருந்தவரு பேர மாத்துறேன்னு சொன்னாரு, மாத்தவே இல்ல."

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, அதைப் பட்டியலின் முதல் வரிக்குக் கொண்டுபோனேன்.